வண்டி பிறந்த வருஷம்

எண்பத்தி நாலு என்று சொல்லிவிட்டு அத்தோடு போனை வைத்திருக்கலாம். அம்சவேணிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. காலையில் பழைய கார் சங்கத்துச் செயலாளர் பாலகோபால் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு ஊர்வலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு பலகை வைக்கிறோம், பெயரும் பிறந்த வருஷமும் எழுதணும், உங்க அப்பா வண்டிக்கு எந்த வருஷம் போடட்டும் டாக்டர் என்று கேட்டார். எண்பத்தி நாலு என்றாள். பிறந்தநாள் கேட்டால் சொல்வதுபோல யோசிக்காமல் சொன்னாள். அவர் பேசாமல் போயிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப்போல மீன் குழம்பும் தூக்கமுமாகப் போயிருக்கும். மனுஷர் சும்மா இருக்கவில்லை. எண்பத்தி நாலா, அது எப்படிங்க, அந்த வண்டியோட மேல்கூடு வார்த்து வித்த பெங்களூர்க்காரர் எண்பத்திரண்டிலேயே கடையைச் சாத்திட்டுப் போயிட்டாரே, என்றார். சாத்துவதற்கு முன்னால் வாங்கி வைத்திருப்பார் அப்பா, என்று இவள் உடனே சொன்னாள். இருக்கலாம், இருக்கலாம், ஆனா எங்க கணக்குல கூட்டை எப்போ இரும்புச் சட்டத்துல ஒட்டினாங்களோ அதுதான் வருஷம், அடியில இருக்கிற பழைய ஹெரால்டு கார் அறுபத்தாறோ என்னவோ, அது சேராது. அப்புறம் இன்னொண்ணு டாக்டர், அவர் வித்தது எல்லாமே நாலு பேர் உக்காரற வண்டி, நான் பார்த்தவரைக்கும் உங்களது ஒண்ணுதான் ரெண்டு சீட்டு, அதையும் கொஞ்சம் பாருங்க, சாயங்காலம் கூப்பிடறேன், என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டார். இவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவிய மீனையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

இப்போது சாப்பாடு முடிந்து அப்பா உள்ளறையில் படுத்துவிட்டார். கணவரும் மகளும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, கிளினிக் பையிலிருந்து டார்ச்சையும் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்திருந்தாள். பல் டாக்டர் கார் பார்க்க வந்தால் இப்படித்தான் வருவாள், வேறெப்படி வருவாள். வண்டி நின்றது. சிவப்பு. மூக்கு நீண்டு, பிட்டம் சரிந்து, பார்த்தவர்கள் எல்லாம் வெளிநாட்டு வண்டியா என்று கேட்கிற அழகு. உள்ளே தட்டிப் பார்த்தால்தான் தெரியும், தகரம் இல்லை, ஃபைபர். பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை வீட்டிலேயே ஒட்டிப் பூட்டிக் கட்டிய வண்டி. அடியில் பழைய ஹெரால்டின் இரும்புச் சட்டமும் இஞ்சினும், மேலே பெங்களூர்க் கூடு. அதில் எது வண்டி? பல்லின் வேர் பழையது, மேலே மாட்டிய கிரவுன் தொப்பி புதியது, பல்லுக்கு வயது கேட்டால் எதைச் சொல்வது? அவளிடம் வருகிறவர்கள் தொப்பியைத்தான் சொல்வார்கள், போன தீபாவளிக்குப் போட்டது டாக்டர் என்று. சங்கத்துக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சரி, தொப்பி எப்போது போட்டது? எண்பத்தி நாலு. அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, யார் கேட்டாலும், அவள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம், எண்பத்தி நாலு, எங்க அம்மிணிக்காகக் கட்டினது, என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்வார். பம்புசெட்டு கம்பெனியில் படம் வரைகிற வேலையில் இருந்த அப்பா நாச்சிமுத்துவுக்குப் பெருமை அடிக்கத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

எண்பத்தி நாலில் அவளுக்கு ஒன்பது வயது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்பத்திரண்டு மாசியில் அம்மா போனாள். அந்த வருஷத்தில் சந்தேகம் இல்லை, அது கல்லில் வெட்டியதுபோல நிற்கிறது. அதற்குப் பிறகு அப்பாவும் அவளும்தான். அப்பா சடை பின்னக் கற்றுக்கொண்டார், முதலில் கயிறு திரிப்பதுபோல இறுக்கிப் பின்னி அவள் கண்ணெல்லாம் மேலே இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், அது மட்டும் கடைசிவரை வரவில்லை. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி வந்த சொந்தபந்தம், ஒறம்பரைகளை எல்லாம் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஆக, ஒரு அப்பா, ஒரு மகள், இரண்டு சீட்டு வண்டி. கணக்குச் சரியாக இருந்தது. இத்தனை வருஷமும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தாள். இரண்டு பேர் மிச்சமிருந்த வீட்டில் இரண்டு சீட்டு வண்டிதான் கட்டுவார்கள். அம்மா இருக்கும்போதே கட்டியிருந்தால் மூன்று பேராயிற்றே, மூன்று பேர் இருக்கிற வீட்டில் எந்த மனுஷன் இரண்டு சீட்டு வண்டி கட்டுவான்? யாரை விட்டுவிட்டுப் போக? இந்தக் கேள்வி வந்ததும் அவள் எழுந்துபோய் ஷெட்டுக் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள். உள்ளே புழுக்கமாக இருந்தது.

அதனால் என்ன, வாங்கியது எண்பத்தொன்றாக இருக்கும், பெட்டியைப் பிரிக்காமல் போட்டு வைத்திருப்பார், அம்மா காரியமெல்லாம் முடிந்து மனசு தேறி எண்பத்தி நாலில் ஒட்டியிருப்பார். நியாயமாகத்தானே இருக்கிறது. அப்பாவையே எழுப்பிக் கேட்டுவிட்டால் ஒரு நிமிஷத்து வேலை. ஆனால் அவர் எண்பத்தி நாலு என்றுதான் சொல்லப்போகிறார், அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இன்றைக்குப் பார்த்து அது வேண்டாம் என்றிருந்தது. சீட்டை முன்னால் மடக்கிப் பின்பக்கம் தலையை விட்டாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னால் இடம் ஒன்றும் இல்லை, சரிவாக ஒரு பலகை, அதன்மேல் கறுப்புக் கார்ப்பெட். சின்ன வயதில் அந்தச் சரிவில் பள்ளிப் பையைப் போட்டால் உருண்டு கீழே விழும். கார்ப்பெட் ஓரத்தைப் பிரித்தாள். பசை காய்ந்து போயிருந்ததால் தானாகவே வந்தது. டார்ச்சை அடித்துக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பக்கவாட்டில் இரண்டு புறமும் ஒரு மேடு வந்து பாதியில் நின்றது. உட்காரும் மேடையின் விளிம்பு. அதை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, மேலே நார்ப் பாயை விரித்து ரெசின் பசை ஊற்றிச் சமப்படுத்தியிருந்தார்கள். பல்லைப் பிடுங்கின இடத்தில் எலும்பு வளர்ந்து மூடியிருக்குமே, அந்த மாதிரி. எத்தனை வருஷமானாலும் படம் எடுத்துப் பார்த்தால் இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு பின்சீட்டு இருந்தது. அப்பா அறுத்திருக்கிறார்.

சரி, அறுத்திருக்கட்டும். எண்பத்தி நாலில் அறுத்திருக்கட்டும். இரண்டு பேருக்கு எதற்குப் பின்சீட்டு, எடை குறையும், வேகமாகப் போகும், ஆம்பிளைகளுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சட்டத்தோடு கூட்டை ஒட்டிய இடத்தில் இருந்த ரெசினும் இதுவும் ஒரே நிறம், கோந்தில் பச்சை கலந்ததுபோல. ஒரே டப்பா, ஒரே சமயத்து வேலை. நகத்தை மூக்கில் வைத்தாள். வாசனை எங்கே இருக்கும் இத்தனை காலம் கழித்து, ஒன்றும் இல்லை, தூசிதான். ஆனால் அவள் மூக்கு அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்த வாசனை அவளுக்குத் தினமும் வருகிற வாசனை. கிளினிக்கில் செட் பல்லுக்குப் பொடியில் திரவம் கலக்கும்போது குப்பென்று ஏறுமே, இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்தமாதிரி, அதற்கு ஒண்ணுவிட்ட தம்பி வாசனை. அது வருகிறபோதெல்லாம் அவளுக்கு அம்மா ஞாபகம் வரும். காலேஜில் முதல் வருஷம் அதைக் கலக்கிவிட்டு, எதற்கென்று தெரியாமல் வெளியே போய் நின்று அழுதிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசனையோடு குழப்பிக்கொள்கிறேன், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அதுதான், என்று அப்போதே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு முடித்துவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் பினாயில் வாசனையல்லவா அடிக்கும். பினாயில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறது, அம்மா வந்ததில்லை. இந்த வாசனைக்குத்தான் வருகிறாள். வந்து என்ன சொல்கிறாள்? ஜன்னலைச் சாத்து கண்ணு, நாத்தம் தலையை வலிக்குது. ஜன்னல். அம்மா படுத்திருந்த அறைக்கு ஒரே ஜன்னல், அது ஷெட்டைப் பார்த்த ஜன்னல்.

இல்லை, இது நான் இப்போது கட்டுகிற கதை, என்று அம்சவேணி தன்னை அதட்டினாள். பாலகோபால் வாயைக் கிளறிவிட்டுப் போனார், மனசு அதற்குத் தீனி தேடுகிறது. ஞாபகத்தை நம்பி யாராவது பல்லைப் பிடுங்குவார்களா? வலது பக்கம் வலிக்குது என்பார்கள், கெட்டது இடது பக்கம் இருக்கும். அம்மா எந்த நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னாளோ, பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்திருக்கலாம். கருவாடு என்று நினைத்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீரிங்கைப் பிடித்தாள். கதவுக்குக் கீழே கூட்டின் விளிம்பு, கை வைத்தால் வழவழவென்று சிவப்புப் பெயிண்ட். இதைத்தான் கடித்தேன். குழந்தைகள் வாயைத் திறக்காமல் அடம் பிடித்தால் அவள் சொல்கிற கதை அது. இருபது வருஷமாகச் சொல்கிறாள், நர்ஸ் அம்மாவுக்கு மனப்பாடம். உன்னை மாதிரி இருக்கும்போது எனக்கும் முன்பல் ஆடுச்சு, பயந்துக்கிட்டு யாரிடமும் சொல்லலை, எங்கப்பா புதுசா ஒரு சிவப்பு கார் கட்டினார், அதோட ஓரத்தை நறுக்குன்னு கடிச்சேன், பல்லு வந்துருச்சு, வலிக்கவே இல்லை. குழந்தை சிரிக்கும், வாய் திறக்கும், வேலை முடியும். நல்ல கதை. எண்பத்தி நாலில் நடந்த கதை. ஒன்பது வயதில்.

ஒன்பது வயதில் எந்தக் குழந்தைக்கு முன்பல் விழுகிறது?

ஸ்டீரிங்கில் கை அப்படியே இருந்தது. பல் டாக்டராம் இவள். சுவரில் படம் மாட்டி வைத்திருக்கிறாள், எந்தப் பல் எந்த வயதில் விழும் என்று கலர் கலராக. கீழ் முன்பல் ஆறு வயதில், மேல் முன்பல் ஏழு, எட்டில். ஒன்பது வயதில் நாலும் முளைத்து மண்வெட்டி மாதிரி நிற்கும். அந்தப் படத்துக்குக் கீழேயே நின்று இருபது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளும் உறைக்கவில்லை. ஊரார் வாயில் எல்லாம் வயது பார்த்தவளுக்குத் தன் வாய்க் கணக்கு தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பாக இல்லை. அப்படியானால் கூடு ஒட்டி நின்றபோது அவளுக்கு ஒன்பது இல்லை. ஆறோ ஏழோ எட்டோ. அது மட்டுமா, கதையில் சிவப்பு என்கிறாள், ஆனால் கண்ணை மூடினால் பல் பட்ட இடம் சிவப்பு இல்லை. பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், பெயிண்ட் அடிக்காத கூடு. நார் உதட்டில் குத்தி அன்றைக்கெல்லாம் சுருக்சுருக்கென்றிருந்தது. சரி, பொறு, பொறு. மேல் பல்லாக இருந்தால்? மேல் பல் என்றால் எண்பத்திரண்டு கடைசி, எண்பத்தி மூன்று. அம்மா போன பிறகு. அப்படியானால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எண்பத்தி மூன்றில் ஒட்டினார், நாலில் ஓட்டினார், அப்பா ஒரு வருஷம் கூட்டிச் சொல்கிறார், இதற்கா இத்தனை பாடு. மேல் பல்லாக இரு, என்று அந்தப் பல்லையே கெஞ்சினாள். நாக்கை மேல் வரிசைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். அந்த ஓட்டையில் நாக்கு போய் நின்ற ஞாபகம் வருமா என்று தேடினாள். நாக்கு அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கியது. பிடித்து மேலே வைத்தாள், திரும்பவும் இறங்கியது.

பல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஓடினாள்? அப்பா அங்கேயே ஷெட்டில்தான் இருந்தார், குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார், அவரிடம் காட்டவில்லை. ஓடினாள். படி, சமையலறை, உள்ளறை. கட்டில். ஒரு கை வந்து அவள் மோவாயைப் பிடித்தது. கட்டைவிரல் கீழ் உதட்டை மெல்லக் கீழே இழுத்தது. விரல் கொதித்தது. எங்க, காட்டு, ஆங், ரத்தம் கொஞ்சம்தான், கொப்புளிச்சிட்டு வா, பல்லைக் கூரை மேல போடணும், அப்பாவைப் போடச் சொல்லு, எனக்கு எட்டாது. கீழ் உதடு. கட்டைவிரல் கீழே இழுத்தது. அம்சவேணி அதே மாதிரி தன் கீழ் உதட்டைத் தானே இழுத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். தினமும் எத்தனை குழந்தைகளுக்கு இப்படி இழுத்துப் பார்க்கிறாள், யாரிடம் கற்றுக்கொண்டது என்று காலேஜைத்தானே நினைத்துக்கொண்டிருந்தாள். கீழ்ப் பல், ஆறு வயது, எண்பத்தொன்று. அம்மா இருந்தாள். ஜுரத்தோடு கட்டிலில் கிடந்தாள், இன்னும் சில மாசம் இருந்தாள், பேசினாள், பல்லைக் கூரை மேல் போடச் சொன்னாள். அப்போதே ஷெட்டில் கூடு ஒட்டியாயிற்று. ஒரே டப்பா ரெசினில் பின்சீட்டையும் அறுத்து மூடியாயிற்று. மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேருக்கு வண்டி தயார்.

அப்போதுதான் சின்னம்மா சொன்னது வந்தது. வராமல் எங்கே போகும், இத்தனை நேரம் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தது. அம்மாவின் தங்கை, யார் வீட்டு விசேஷத்திலோ, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: எங்கக்கா அந்தப் பாடு பட்டுக் கெடக்கறா, உங்கப்பன் ஷெட்டுக்குள்ள உக்காந்து என்னத்தையோ கறக்கு கறக்குன்னு அறுத்துட்டிருந்தாரு, ஆம்பளைக மனசு கல்லு அம்மிணி. அன்றைக்கு இவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு சின்னம்மாவோடு பேச்சே குறைந்துவிட்டது. பாவம், பொய் சொல்லவில்லை அவள். கறக்கு கறக்கு. அம்மாவும் கேட்டிருப்பாள், ஷெட்டைப் பார்த்த ஜன்னல்தானே. என்ன அறுக்கிறார் என்று தெரிந்திருக்குமா? தெரியாமலேயே கேட்டுக்கொண்டு படுத்திருந்திருப்பாளா? எது கொடுமை? அப்பாவின் மேல் வந்தது கோபம் இல்லை, கோபமாக இருந்தால் தேவலை, அருவருப்பு. இந்தக் கைகளா சடை பின்னின. டாக்டர் நாள் குறித்த உடனேயே ஆளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிச்சம் இரண்டு என்று ரம்பத்தை எடுத்த கைகளா. மூச்சு இருக்கிறவளுக்கு இடம் இல்லை என்று எப்படி ஒரு மனுஷனுக்குத் தோன்றும்? எங்க அம்மிணிக்காகக் கட்டினது என்று இத்தனை வருஷம் தலையில் கை வைத்துச் சொன்னாரே, அந்த இடம் இப்போது தலையில் எரிந்தது. அவளும் அதற்கு உடந்தையாகிவிட்டமாதிரி இருந்தது. அந்த வண்டியில் மேட்டுப்பாளையம், வால்பாறை, முதல் நாள் காலேஜ் என்று சிரித்துக்கொண்டே போய் வந்தாளே.

எண்பத்தி நாலு என்றே பலகையில் இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம். சங்கத்துக்காரர்களுக்கு வருஷம் வேண்டும், ஏதோ ஒரு வருஷம். பாலகோபால் கூப்பிட்டால், பெட்டியில் கிடந்தது, எண்பத்தி நாலில் ஒட்டினார், பின்சீட்டு எடைக்காக எடுத்தது, என்று சொல்லிவிடலாம். கார்ப்பெட்டைத் திரும்ப ஒட்டிவிடலாம். எழுபத்தொன்பது வயது மனுஷர், முட்டி வலி, காதும் மந்தம், இன்னும் எத்தனை நாளைக்கு. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை ஊற்றும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் போன பிறகும் இது இங்கேயே சிவப்பாக நின்றுகொண்டிருக்கும். கேட்டால் அவளுக்குத் தெரிந்த அப்பா போய்விடுவார், கேட்காவிட்டால் அந்த அப்பா இருக்கிற மாதிரி நடிக்க வேண்டும். இரண்டில் எது என்று முடிவு பண்ண முடியாமல் கார்ப்பெட்டைப் பிரித்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

தடியைத் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. அப்பா ஷெட்டு வாசலில் நின்றார். தூங்கி எழுந்த முகம், வேட்டி ஒரு பக்கம் ஏறியிருந்தது.

"போனு அடிச்சுட்டே இருந்துது அம்மிணி, உனக்குக் கேக்கலையா? அந்தக் காரு சங்கத்துத் தம்பி. நானே எடுத்தேன்."

"என்ன சொன்னாருங்?"

"வருசம் கேட்டாரு. எண்பத்தொண்ணுன்னு சொல்லீட்டேன்."

இவ்வளவுதான். மழை வருமாட்டம் இருக்குது என்று சொல்வதுபோலச் சொன்னார். அம்சவேணி காரிலிருந்து இறங்கினாள்.

"எங்கிட்ட எப்பவும் எண்பத்தி நாலுன்னுதானுங்கப்பா சொல்லுவீங்க."

"ஆமா."

"ஊரார்கிட்டச் சொல்ற நெசத்த எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"அவருக்குச் சொன்னா எழுதிக்குவாரு. உங்கிட்டச் சொன்னா நீ கணக்குப் போடுவே." அவர் கண் பிரித்துப் போட்ட கார்ப்பெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. "போட்டுட்டே."

"போட்டுட்டேன். அம்மா இருக்கறப்பவே பின்சீட்ட அறுத்துட்டீங்க." குரல் உடைந்தது. உடையக் கூடாது என்றுதான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். "அவ உள்ள கெடக்கறா, நீங்க இங்க ரெண்டு பேருக்கு வண்டி கட்டறீங்க. எப்படிங்கப்பா மனசு வந்துது?"

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு வரல. அவதான் எடுக்கச் சொன்னா."

"யாரு?"

"உங்கம்மாதான். சுலோசனா. வண்டி வாங்கையில நாலு சீட்டுத்தான். நானும் அவளும் முன்னாடி, நீ பின்னாடி, பழனி போலாம்னு. அதுக்குள்ள டாக்டரு அப்படிச் சொல்லீட்டாரு. நான் பெட்டியையே பிரிக்கல. அவதான் பிரிங்க, ஒட்டுங்க, நான் ஜன்னல்ல பாக்கறேன்னா. ஒட்டி முடிச்சு சீட்டு மாட்டப் போறப்போ கூப்புட்டா." அவர் மூச்சு வாங்கினார். "பின்சீட்ட எடுத்துப்போடுங்கன்னா. ஏன்டீன்னேன். நான் போனதுக்கப்பறம் இவ பின்னாடியேதான் போயி உக்காருவா, முன்னாடி அம்மா எடம்னு அத காலியா உட்டுட்டு வருவா, நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, ஒரு காலிச் சீட்டப் பக்கத்துல வெச்சுட்டு ரெண்டு பேரும் ஊரெல்லாம் சுத்துவீங்க. அவளுக்கு ஒக்கார வேற எடமே இருக்கப்படாதுன்னா."

அம்சவேணி ஷெட்டைப் பார்த்த அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் முடியாதுன்னுட்டேன். ரொம்ப நாளு அவகிட்டப் பேசவே இல்ல அதுக்காக. அவ மாத்தர முழுங்க மாட்டேன்னுட்டா. அறுக்கற சத்தம் கேட்டாத்தான் முழுங்குவேன்னா. அறுத்தேன். ஜன்னலத் தொறந்து வெச்சுட்டுக் கேட்டா. அப்பறம் உன்ற சின்னம்மா வந்து என்னைத் திட்டுனா. திட்டட்டும்னு உட்டுட்டேன். அம்மாவே தன்ற எடத்த எடுத்து உனக்குக் கொடுத்துட்டான்னு ஆறு வயசுப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? ஒம்பது வயசுல எப்படிச் சொல்றது? அப்பறம் சொல்றதுக்கு நேரமே வரல."

அம்சவேணி அவர் கையைப் பிடித்தாள், அவர் விழுந்துவிடுவாரோ என்று பிடித்தாளா, தான் விழாமல் இருக்கப் பிடித்தாளா தெரியவில்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். எண்பத்தி நாலில் வண்டி முதல் தடவை தெருவுக்கு வந்த காலை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில் குழப்பமே இல்லை. புதுப் பாவாடை. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூட்டம். அப்பா இஞ்சினைப் போட்டுவிட்டு, வா அம்மிணி என்று உள்ளேயிருந்து கையை நீட்டிக் கதவைத் திறந்தார். அவள் ஓடினாள். ஓடிப்போய் முன்னால் ஏறி உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிப் பிள்ளைகளுக்கு டாட்டா காட்டினாள். அது யாருடைய இடம் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.